கேக்குக்கடை அக்காவின் திமிர்

போன மாதம் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு கல்யாண விருந்து. மேடையில் மைக்கைப் பிடித்த ஒருவர், "நம்ம புந்தோங்ல ஒரு அக்கா கேக்குக்கடை வச்சிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி கேக்கு இனி யாரு செய்வா? நாமதான் அவங்கள ஆதரிக்கத் தவறிட்டோம்" என்று உருகினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் கோழிக்கறித் தட்டைத் தள்ளி வைத்தேன். தவறிவிட்டார்களாம்! ஏதோ கைக்குட்டை தவறி விழுந்ததைப் போலச் சொல்கிறார். யாரும் எதையும் தவறவிடவில்லை. தெரிந்தே செய்தார்கள். பக்கத்துக் கடையில் தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான்.

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்த ஊர் அந்தப் பெயரை ஒருமுறை தெருவுக்கு இழுத்தது போதும். இப்போது பாரிட் புந்தாரில் தங்கை வீட்டில் இருக்கிறார். ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டுகிறார். இன்று மேடையேறி அவரைப் புகழ்கிறவர்கள் அன்று அவருக்கு வைத்திருந்த பெயர் 'திமிர் பிடித்த கேக்குக்காரி'. அந்தத் திமிர் என்னவென்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். நான் இந்தப் பக்கம் ரவிக்கை தைப்பேன். அந்தப் பக்கம் அவர் முட்டை அடிக்கும் மிஷினைப் போட்டால் இந்தப் பக்கம் என் மேசையில் குண்டூசி டப்பா நடுங்கும். வாடிக்கையாளர்கள் அவரிடம் பேசுவது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். சுவர் அப்படி.

கடைக்குள் யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"எத்தனை மணிக்கு வெட்டுவீங்க?"

யாருக்குப் பிறந்தநாள், என்ன நிறம், எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதெல்லாம் பிறகு. முதலில் வெட்டும் நேரம். வந்தவர்கள் விழிப்பார்கள்.

"ஏழு மணிக்கு மேலக்கா."

"மேலன்னா? எட்டும் மேலதான், பத்தும் மேலதான்."

"சொந்தக்காரங்கலாம் வரணும்லா. மாமா பினாங்குலேர்ந்து வாராரு."

"அப்ப மாமாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க, எத்தனை மணிக்கு வாராருன்னு. நான் நிக்கிறேன்."

நிஜமாகவே நிற்பார். மேல்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் மாமாவுக்குப் போன் போட்டு முடிக்கும்வரை அசையாமல் நிற்பார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

நம்முடைய விருந்துகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அழைப்பிதழில் ஏழு மணி. எட்டு மணிக்கு நாற்காலி அடுக்குவார்கள். ஒன்பதுக்குத்தான் பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து இறங்குவார்கள். ஆனால் கேக்கு மட்டும் சாயங்காலமே மேடைக்கு வந்துவிட வேண்டும். வாழைமரம், பூச்சாடி, அதன் நடுவில் கேக்கு. பாலாய்ராயா என்கிற பொது மண்டபங்கள் பாதியில் ஏர்கோன் கிடையாது. இருக்கிற இடத்தில் வேலை செய்யாது. ஈப்போ புழுக்கத்தில் நாமே உருகுகிறோம், வெண்ணெய்யும் சர்க்கரையும் அடித்த கிரீம் என்ன செய்யும்? அதனால் கேக்கை அவர் யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டார். தன் பழைய வேனில் தானே ஏற்றிக்கொண்டு போவார். வெட்டுவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேருவார். ஏர்கோனை ஓடவிட்டு வேனுக்குள்ளேயே காத்திருப்பார். கத்தியைக் கையில் எடுத்துவிட்டோம் என்று ஆள் வந்து சொன்னால்தான் கேக்கு கீழே இறங்கும்.

"எங்கம்மா கித்தா மரம் சீவுனவங்க" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தோட்டத்தை விற்றபோது குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. "வெயில் ஏறிட்டா பால் நின்னுரும்லா. கங்காணி கத்துனாலும் நின்னுரும், தொர வந்து கத்துனாலும் நின்னுரும். இந்தக் கிரீமும் அதே சாதிதான்."

ஈப்போவில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் பல வருடம் கேக்குப் பிரிவில் வேலை செய்துவிட்டுத்தான் சொந்தக்கடை போட்டார். ஆள் நெடுநெடுவென்று இருப்பார். தலையில் வலைத்தொப்பி. காலைத் தேநீர் உள்ளே போகும்வரை முகத்தில் சிரிப்பு வராது. அவருக்குக் கை சூடு. கிரீம் பையைப் பிழிந்தால் கைச் சூட்டில் உள்ளேயே இளகிவிடும் என்பதால் ஒரு சட்டியில் ஐஸ் தண்ணீர் வைத்திருப்பார். ஒரு பூ பிழிவார், கையை முக்குவார், துடைப்பார், அடுத்த பூ. மழைநாளில் விரல்கள் மரத்துப்போய் என்னிடம் வந்து, "இந்தா, இத புடி" என்று நீட்டுவார். நான் இரண்டு கைகளாலும் பிடித்துச் சூடேற்றுவேன். திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்கள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

விலை பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான். "நம்ம ஆளுதானே, கொறச்சுப் போடுக்கா."

"நம்ம ஆளுன்னா கூட இல்ல குடுக்கணும்?" என்பார் அவர். சிரிக்காமல் சொல்வார். வந்தவருக்கு அது கேலியா கோபமா என்று விளங்காது.

இதே ஆட்கள் பேரங்காடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்குக்கு, ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சின்றி நீட்டுகிறவர்கள். அங்கே போய்ச் சொல்ல வேண்டியதுதானே, நம்ம ஆளு, கொறச்சுப் போடு என்று? வாய் வராது. ஒருமுறை ஒரு பெண், "வீட்ல செய்றதுதானக்கா, மாவும் முட்டையும்தான, இவ்ளோவா?" என்று கேட்டுவிட்டாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாவுக்காரனுக்குக் குடுக்குறேன், வெண்ணெய்க்காரனுக்குக் குடுக்குறேன், கரண்டுக்குக் குடுக்குறேன், வாடகைக்குக் குடுக்குறேன். என் கைக்கு மட்டும் ஒண்ணும் குடுக்கக் கூடாதா?"

அந்தப் பெண் போய், கேக்குக்காரி எரிந்து விழுந்தாள் என்று தெருவெல்லாம் சொன்னாள். என்னிடமும் வந்து சொன்னாள். அவள் ரவிக்கைக்குத்தான் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். நாடாவைக் கொஞ்சம் இறுக்கினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கடையில் இருந்தது ஒரே ஒரு பெரிய ஐஸ் பெட்டி. அதில் இடம் இருக்கிறவரைதான் அந்த வாரத்துக்கு ஆர்டர் எடுப்பார். நிறைந்துவிட்டால், "இந்த வாரம் முடியாதுங்க" என்பார். சாக்குச் சொல்ல மாட்டார், இழுத்தடிக்க மாட்டார். திங்கட்கிழமை கடை கிடையாது. இன்னொரு ஐஸ் பெட்டி வாங்குங்கள், இன்னும் இரண்டு ஆளைப் போடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். "பெட்டி வாங்கலாம். இன்னொரு முதுகு எங்க விக்கிறான்?" என்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. அடுத்த வரிசையில் வேறொரு பெண் வீட்டிலிருந்தே கேக்கு செய்து விற்றுக்கொண்டிருந்தாள். யார் எப்போது கேட்டாலும் சரி என்பாள். பாதி விலைக்குச் செய்வாள். தீபாவளி, சடங்கு, இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குச் சாவி வடிவத்தில் கேக்கு, எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஊரே அவளைத் தங்கமான பொண்ணு என்றது. ஒருநாள் அவளுக்கு வலது கை தோளுக்கு மேலே தூக்க முடியாமல் போனது. தொழிலை விட்டாள். தங்கம் தங்கம் என்றவர்களில் ஒருவர்கூட ஒரு பாக்கெட் பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மலிவான இடம் எது என்று தேடிப் போய்விட்டார்கள். அக்காதான் திங்கட்கிழமைகளில் போய் அவளுக்குத் தலைசீவி விட்டுவிட்டு வருவார்.

எங்கள் தெருமுனையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், "நாளைக்கு வா, இன்னிக்கு நெறைய வண்டி" என்று சொன்னால், பெரிய வேலைக்காரர் என்று ஊர் மெச்சும். அதையே ஒரு பெண்பிள்ளை சொன்னால் திமிர். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்மீது எனக்குக் கோபமே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கிழமை லோரி ஓட்டும் ஒருவர் மூச்சுவாங்க வந்து நின்றார். மகளுக்கு அன்று பிறந்தநாள், வேலையில் மறந்துவிட்டார். சின்னதாக ஒரு கேக்கு, எது இருந்தாலும் போதும் என்றார். அக்கா முடியாது என்றார். அந்த மனிதர் கெஞ்சியதைக் கேட்டு எனக்கே மனசு தாங்காமல் எழுந்து போனேன்.

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா."

"இப்ப அடுப்புல வச்சா ஆறாம கிரீம் போடணும். வழியும். வழியிற கேக்க அந்தப் புள்ள முன்னால வைக்கச் சொல்றியா?" என்று என்னிடம் சீறினார். பிறகு அவரே இன்னொரு கடைக்குப் போன் போட்டு, ஒரு கேக்கை எடுத்துவைக்கச் சொல்லி, அந்த ஆளை அங்கே அனுப்பினார். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவரும் சமாதானத்துக்கு வரவில்லை. அப்படிப்பட்ட ஆள்தான்.

இப்படி இருந்தால் கடை ஓடுமா என்று கேட்டவர்கள் உண்டு. ஓடியது. பெரிதாக வளரவில்லை, ஆனால் எந்த மாதமும் படுக்கவில்லை. அவர் கேக்கு எந்த விருந்திலும் சாய்ந்ததில்லை, புளித்ததில்லை, சொன்ன நேரத்துக்கு வராமல் இருந்ததில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய மூலதனம். அதில்தான் கை வைத்தார்கள்.

ஒருநாள் ஒரு சங்கத்தின் தலைவர் கடைக்கு வந்தார். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் சங்கத்துக்கா பஞ்சம்? ஆண்டு விருந்தில் அக்காவுக்குச் 'சிறந்த பெண் தொழில்முனைவர்' விருது கொடுக்கப் போகிறார்கள் என்றார். "ரொம்ப நன்றிங்க தலைவரே" என்று அவர் சொன்ன குரலை நான் அதற்கு முன்னால் சுவர் வழியாகக் கேட்டதே இல்லை. சின்னப் பிள்ளைக் குரல்.

தலைவர் விட்டாரா? "அன்னிக்கு மேடைக்கு மூணடுக்கு கேக்கு ஒண்ணு வேணும்மா. நீயே ஸ்பான்சர் பண்ணிரு. விருதும் ஒனக்கு, வெளம்பரமும் ஒனக்குலா."

அக்காவின் பழைய குரல் திரும்பியது.

"விருது குடுக்கிறீங்களா, விக்கிறீங்களா தலைவரே?"

தலைவர் சிரித்து மழுப்பினார். கடைசியில் விலை கொடுத்தே வாங்குவதாக ஒப்புக்கொண்டார். அக்கா தன் கேள்வியைக் கேட்டார். "எட்டரைக்கு வெட்டிருவோம். ஒய்பி எட்டு மணிக்கு டாண்ணு வந்துருவாரு" என்றார் தலைவர். நான் இந்தப் பக்கம் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தேன். ஒய்பி என்றால் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். எந்த ஒய்பி எந்த ஊரில் டாண்ணு வந்திருக்கிறார்?

விருதுக்காக அக்கா என்னிடம் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தார். வழக்கமாகச் சாதாரணக் கழுத்துதான் கேட்பார். அந்த முறை, "பின்னால முத்து வச்சுத் தாயேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வைத்துத் தந்தேன். முத்து ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சு போட்டேன்.

விருந்தன்று நானும் அவரோடு வேனில் போனேன். கேக்கு முழுவெள்ளை. மேலிருந்து கீழ்வரை கிரீமிலேயே மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார். ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. மண்டபத்தில் ஏர்கோன் கெட்டுப்போய், சுவரோரம் பெரிய காற்றாடிகள் இரைந்துகொண்டிருந்தன. வேனைப் பின்வாசலில் நிறுத்தி, ஏர்கோனை ஓடவிட்டு, என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டு, விருது வாங்குகிறவர்களின் வரிசையில் உட்காரப் போனார். "நான் வந்து சொல்றவரைக்கும் யாருக்கும் கதவத் தொறக்காத" என்றார்.

எட்டரை போனது. ஒன்பது போனது. ஒய்பி வரவில்லை. தலைவர்தான் வந்தார், இரண்டு தடியன்களோடு. கேக்கை எடுத்து மேடையில் வை என்றார்.

"இன்னும் ஒய்பி வரலையே தலைவரே. வந்ததும் ரெண்டு நிமிசத்துல கொண்டாந்துரலாம்" என்றேன்.

"மேட மொட்டையா கெடக்கு. பேப்பர்காரங்க வந்துட்டாங்க, படம் எடுக்கணும்."

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"காசு குடுத்து வாங்குன கேக்கு. எங்க வேணாலும் வைப்போம். நீ எறங்கு."

நான் இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என் கையைப் பிடுங்கி ஒதுக்கிவிட்டுக் கேக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மணிக்கட்டு சிவந்துபோனது. பின்னாலேயே ஓடினேன்.

கேக்கை எங்கே வைத்தார்கள் தெரியுமா? குத்துவிளக்குக்குப் பக்கத்தில். ஆள் உயர விளக்கு. படத்தில் விளக்கும் கேக்கும் சேர்ந்து விழ வேண்டுமாம். மேலே மேடை விளக்குகளின் சூடு வேறு. ஒய்பி வந்து சேர்ந்தபோது கேக்கு ஏற்கெனவே வியர்த்திருந்தது. வந்தவர் குத்துவிளக்கை ஏற்றினார். ஐந்து திரியும் தகதகவென்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். முதலில் தலைவர், அப்புறம் ஒய்பி. நம் பெண்கள் வியாபாரத்தில் முன்னேற வேண்டும், நாம் அவர்களைத் தூக்கிவிட வேண்டும் என்பதுதான் பேச்சு. அவர்கள் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கும்போதே விளக்குப் பக்கமிருந்த மல்லிகைச் சரம் ஒவ்வொரு மொட்டாக வழிய ஆரம்பித்தது.

அக்கா எழுந்தார். உட்காருங்கள் என்று கை காட்டினார்கள். உட்காரவில்லை. மேடைப்படிக்குப் போனார். படியில் நின்றவன் மறித்தான்.

"இருங்கக்கா, ஒய்பி பேசுறாரு."

"கேக்கத்தான் எடுக்க மாட்டீங்க. அந்த வெளக்கையாவது கொஞ்சம் தள்ளி வைங்கய்யா."

"எரியிற வெளக்க நகத்தக் கூடாதுக்கா. அபசகுனம்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். சகுனமாம்! ஒரு பெண்ணின் பிழைப்பு கண்ணெதிரே உருகுகிறது, அது சகுனத்தில் சேராதாம். அந்தப் படிக்குப் பக்கத்திலேயே அக்கா, பேச்சு முடியும்வரை நின்றார். முத்து வைத்த ரவிக்கையின் முதுகு முழுக்க வியர்த்து ஒட்டிக்கொண்டது.

முதலில் விருது. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கண்ணாடியில் செய்த விருதைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் கேக்கு. ஒய்பி கத்தியை வைத்ததும் மேலடுக்கு சறுக்கிக்கொண்டு இறங்கியது. மேசைத்துணியில் பாதி, அவர் கால் சப்பாத்தில் பாதி. தலைவர் மைக்கை எடுத்தார்.

"என்னா பண்றது ஒய்பி, நம்ம ஆளுங்க வேலன்னா இப்படித்தான்! அடுத்த தடவ மால்ல வாங்கிருவோம்லா!"

சிரித்தார்கள். முந்நூறு நானூறு பேர் இருப்பார்கள், எல்லோரும் சிரித்தார்கள். கழுத்தில் மாலையோடு நின்ற அக்கா தலைவரிடம் ஏதோ சொன்னார். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தது யார் என்றுதான் கேட்டிருக்கிறார். அதற்குள் வாத்தியக்காரர்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டதால் யார் காதிலும் விழவில்லை.

நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த வீடியோ எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. கத்தி வைப்பதில் தொடங்கி, சிரிப்பில் முடிந்தது. ஓரத்தில் குத்துவிளக்கு எரிவது தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. மறுநாள் அக்கா நடந்ததை நாலே வரியில் எழுதிப் போட்டார். 'திமிர் இன்னும் கொறையல பாரு', 'ஒரு சாரி சொன்னா கொறஞ்சா போயிரும்?' என்று கீழே எழுதினார்கள். நானும் எழுதினேன். பக்கத்துக் கடை என்பதால் ஒட்டிக்கொண்டு பேசுகிறாள் என்று என்னையும் சேர்த்துத் திட்டினார்கள். தலைவரும் ஆள் அனுப்பினார். பொதுவில் மன்னிப்புக் கேட்டால் விஷயத்தை இத்தோடு விட்டுவிடுகிறாராம்.

"விழுந்தது என் கேக்கு. நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார் அக்கா.

அதற்குப் பிறகு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. சடங்குக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். நிச்சயதார்த்தத்துக்குச் சொன்னவர்கள் போனை எடுக்கவில்லை. வருடாவருடம் பிள்ளைகளுக்கு அவரிடமே வாங்கியவர்கள், தெருவில் அவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். சீனக் குடும்பங்கள் சில, மலாய்க்காரர்கள் சிலர் தொடர்ந்து வந்தார்கள். ஆனால் புந்தோங்கில் கடை வைத்துக்கொண்டு புந்தோங்காரர்கள் வராமல் எத்தனை மாதம் தள்ளுவது? ஐஸ் பெட்டியில் தட்டுகள் காலியாகக் கிடந்தன. அப்போதும் அவர் விலையைக் குறைக்கவில்லை. "இப்ப கொறச்சா, விழுந்தது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார். நல்லபடியாக ஒரு கேக்கு நாலு பேர் பார்க்கப் போனால் போதும், ஊர் வாயை மூடிவிடலாம் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

அப்போதுதான் ஒருநாள் மத்தியானம், முன்வாசலை விட்டுப் பின்சந்து வழியாக ஒரு பெண் வந்தார். குரலைக் கேட்டதும் ஊசியை வைத்துவிட்டேன். தலைவரின் மனைவி.

பேரனுக்கு முதல் பிறந்தநாளாம். பெரிய மண்டபமாம். மூன்றடுக்கு வேண்டுமாம். "ஒங்க கேக்கு மாதிரி வராதும்மா. வேற எங்கயோ வாங்கிப் பாத்தோம், வாய்ல வைக்க முடியல. வெல எவ்ளோன்னாலும் பரவால்ல." அடேங்கப்பா, விலை எவ்வளவானாலும் பரவாயில்லையாம்! எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மனசுக்குள் கத்தினேன். அந்த மண்டபத்திலேயே அந்தக் கூட்டத்தின் முன்னாலேயே அவர் கேக்கு நிமிர்ந்து நிற்கட்டும், அப்புறம் யார் சிரிப்பார்கள்?

அக்கா வெட்டும் நேரம் கேட்டார். அந்த அம்மாள் சரியாகச் சொன்னார். நிறம் பேசினார்கள். யானைப் பொம்மை வைப்பதா முயலா என்று பேசினார்கள். எல்லாம் முடிந்தது.

"ஒண்ணே ஒண்ணும்மா" என்றார் தலைவரின் மனைவி. "பெட்டியில கட பேரு போடாதீங்க. நீங்களும் வர வேணாம், எங்க டிரைவர் வந்து எடுத்துக்குவான். யாராவது கேட்டா கோலாலம்பூர்லேர்ந்து வரவச்சோம்னு சொல்லிக்கிறோம். ஒங்களுக்குத் தெரியும்லா, அவரு மேடையில அப்படிப் பேசிட்டாரு..."

அக்கா ஆர்டர் புத்தகத்தைப் பட்டென்று மூடுவது கேட்டது.

"பேரு இல்லாம கேக்கு இல்லைங்க" என்றார் அக்கா.

"காசு கூட வச்சுக்கங்க."

"பேரு இல்லாம கேக்கு இல்லைங்க."

அந்த அம்மாள் போனதும் நான் சந்து வழியாக அவர் பின்னால் நாலு எட்டு ஓடினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வேண்டும் என்று ஓடினேன். அதற்குள் டிரைவர் கொண்டுவந்த காடியில் ஏறிவிட்டார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், அக்கா என் கடைக்குள் வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"கடைய மூடுறேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அவங்க ஒரு ஆளுக்காகவா? இத்தன மாசம் தாங்குனீங்க. இவங்க பேச்சுக்கெல்லாம் மூடுனா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிராதா? இருங்கக்கா. அடுத்த கேக்கு, அதுக்கு அடுத்த கேக்கு, நல்லா செஞ்சு காட்டுவோம்" என்று கத்தினேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"என் கேக்கு நல்லால்லன்னு அவங்க நம்பியிருந்தா செஞ்சு காட்டியிருப்பேன்டி" என்றார். "நல்லாருக்குன்னு அவங்களுக்குத் தெரியுது. இனி என்னத்தச் செஞ்சு காட்ட?"